தாளம் போட்ட கை யாருடையது?

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டினால் பென்னலூர். கல்லூரி பஸ்களும் கம்பெனி பஸ்களும் மாறி மாறி ஓடும் சாலை அது. அடுத்து ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடம். கார், லாரி, டயர், கண்ணாடி, செல்போன் என்று உலகம் புழங்கும் எத்தனையோ பொருள்கள் இந்தப் பட்டையிலிருந்து கப்பல் ஏறுகின்றன.

நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் சீட்டில் சாய்வதற்கு முன்பே இயர்போனை மாட்டிக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை விடிகாலை என்றால் கேட்கப் புதுசு நிறைய இருக்கும். 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்க இசை நிறுவனங்கள் வெள்ளிக்கிழமையைத்தான் வெளியீட்டு நாளாக வைத்திருக்கின்றன. அந்தந்த நாட்டு நேரப்படி நள்ளிரவு தாண்டியதும் பாட்டு வந்து இறங்கிவிடும். லண்டன் லேபிள் ஒன்றின் புது டிரம் அண்ட் பேஸ் பாட்டை லண்டன்காரர்களுக்கு முன்பே பென்னலூரில் கேட்டுவிடலாம். இங்கே நள்ளிரவு அடிக்கும்போது அங்கே இன்னும் வியாழன் மாலைதான்.

அந்தப் பாட்டில் காதைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் குரலாக இருக்காது. நிமிடத்துக்கு 170, 175 அடி வேகத்தில் நொறுங்கி ஓடும் டிரம். அதற்கு அடியில் பாதி வேகத்தில் நெஞ்சுக்கூட்டை அசைக்கும் பேஸ். முதல் தடவை கேட்கிறவருக்கு முழுக்க வெளிநாட்டுச் சரக்காகத் தோன்றும். ஆனால் இந்த இசையை வளர்த்த லண்டன் கிளப்பிலும் லேபிளிலும் தமிழ் ரேகை அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. ஏ.ஆர்.ரகுமான் இருக்கிறார், இளையராஜா இருக்கிறார், உறுமி இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் போன ஒரு பெண்ணின் பெற்றோர் பெயர்கள் இசைத்தட்டின் அட்டையிலேயே அச்சாகியிருக்கின்றன. அந்தத் தாளத்தை வாசித்தவர்கள் யார் என்று கேட்டால் மட்டும் நம்மில் அநேகமாக யாருக்கும் தெரியாது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

ஆறே விநாடி

1969ல் வாஷிங்டனைச் சேர்ந்த தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதன் முன்பக்கப் பாட்டு கிராமி விருது வாங்கியது. பின்பக்கத்தை நிரப்ப ‘ஆமென், பிரதர்’ என்று குரலே இல்லாத ஒரு துண்டை வாசித்து வைத்தார்கள். அதன் நடுவில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, டிரம்மர் கிரெகரி கோல்மன் நாலே ஆவர்த்தம் தனியாக அடிக்கிறார். ஆறு, ஏழு விநாடி. அவ்வளவுதான்.

1986ல் நியூயார்க்கில் டிஜேக்களுக்காகத் தொகுத்த இசைத்தட்டு வரிசை ஒன்றில் அந்தத் துண்டு மறுபடி வெளிவந்தது. ராப் பாடகர்கள் எடுத்தார்கள். பிறகு அது கடல் தாண்டி லண்டனுக்குப் போனது. அங்கே, 90களின் தொடக்கத்தில், கோல்மனின் அடியைச் சாம்ப்ளர் கருவியில் ஏற்றி, வேகத்தைக் கூட்டி, துண்டு துண்டாக நறுக்கி, இடம் மாற்றி ஒட்டினார்கள். அடியில் ஜமைக்காவின் ரெகே பேஸைக் கொட்டினார்கள். முதலில் அதற்கு ஜங்கிள் என்று பெயர். பிறகு டிரம் அண்ட் பேஸ்.

இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் லண்டனின் உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள். கரீபியத் தீவுகளிலிருந்து பிழைக்கப் போன குடும்பங்களின் இரண்டாம் தலைமுறை அதில் அதிகம். அவர்களுடைய அப்பாக்கள் ஆளுயரப் பெட்டிகளைத் தாங்களே மரம் அறுத்துச் செய்து, தெருவிலும் மண்டபத்திலும் அடுக்கி ரெகே ஒலிக்கவிட்டவர்கள். ‘சவுண்ட் சிஸ்டம்’ என்பார்கள். நம் ஊர் மைக் செட்காரரின் உறவுக்காரர் என்றே சொல்லலாம். அந்தப் பெட்டிகளிலிருந்துதான் இந்த இசைக்குப் பேஸ் வந்தது.

பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத காலத்தில் இந்த இசையைத் தூக்கி நிறுத்தியவை சின்னச் சின்ன லேபிள்கள். 1992ல் ராம் ரெக்கார்ட்ஸ், 1993ல் வி ரெக்கார்டிங்ஸ், 1994ல் மெட்டல்ஹெட்ஸ், 1996ல் ஹாஸ்பிட்டல் ரெக்கார்ட்ஸ். மெட்டல்ஹெட்ஸைத் தொடங்கியவர்கள் கோல்டி என்ற சுவரோவியக் கலைஞரும், கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம் என்ற இரண்டு பெண் டிஜேக்களும். கோல்டியின் ‘டைம்லெஸ்’ 1995ல் வந்தது. அதன் முதல் பாட்டு மட்டும் 21 நிமிடம் ஓடும். இரண்டு வருடம் கழித்து பிரிஸ்டல் நகரத்து ரோனி சைஸும் அவர் கூட்டாளிகளும் பிரிட்டனின் மெர்க்குரி விருதை வாங்கியபோது, ‘இது வெறும் சத்தம்’ என்று சொல்லிவந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

கிரெகரி கோல்மனுக்கு இதில் ஒரு காசு வரவில்லை. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அவர் கை இருக்கிறது. அநேகமாக எதிலும் அவர் பெயர் இல்லை. 2006ல் அவர் வறுமையில் இறந்துபோனார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கே 1996 வாக்கில்தான், தங்கள் பழைய துண்டு இங்கிலாந்தில் இப்படிப் புழங்குகிறது என்ற செய்தி எட்டியது. வழக்குப் போடும் காலமும் கடந்துவிட்டது. 2015ல் இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் இணையத்தில் நன்கொடை திரட்டி 24,000 பவுண்டு அனுப்பினார்கள். அது ஸ்பென்சருக்குப் போனது. கோல்மன் அதற்கு ஒன்பது வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஞாயிறு கோல்டி, திங்கள் தபலா

லண்டனின் ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் புளூ நோட் என்று ஒரு கிளப் இருந்தது. 90களின் நடுவில் ஞாயிற்றுக்கிழமை இரவு அங்கே மெட்டல்ஹெட்ஸ் கச்சேரி. மறுநாள் திங்கட்கிழமை அதே இடத்தில், அதே ஸ்பீக்கர்களில், தபலா கலைஞர் டால்வின் சிங் நடத்திய ‘அனோக்கா’. முந்தின நாள் காதில் ரீங்கரித்த ஜங்கிள் அடியோடு மறுநாள் தபலாவும் சாரங்கியும் கலந்தன. ஆசிய அண்டர்கிரவுண்ட் என்று பின்னால் பத்திரிகைகள் பெயர் வைத்த அலை அங்கேதான் எழுந்தது.

1997ல் அனோக்காவின் தொகுப்புத் தட்டு வெளிவந்தது. பெரும்பாலும் லண்டனில் வளர்ந்த வங்காள, பஞ்சாபிப் பிள்ளைகளின் பாட்டுகள். அவற்றுக்கு நடுவே சென்னையிலிருந்து ஒன்று: 1995ல் வந்த ‘பம்பாய்’ படத்துக்கு ரகுமான் போட்ட தீம் இசை. டிரம் அண்ட் பேஸ் கேட்டு வளர்ந்த கூட்டம் கோடம்பாக்கத்து இசையை ஒரு சமமான குரலாகக் கேட்ட முதல் தருணங்களில் இதுவும் ஒன்று. 1999ல் டால்வின் சிங்கின் ‘ஓகே’ மெர்க்குரி விருது வாங்கியது.

ஆனால் தமிழ்க் காதுக்கு இன்னும் நெருக்கமான கதை வேறொரு லேபிளில் நடந்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் 1989ல் தொடங்கியது. ரேவ் என்ற விடிய விடிய ஆட்டத்துக்கான தட்டுகள்தான் அதன் ஆரம்ப வியாபாரம். டிரம் அண்ட் பேஸுக்கு முந்தைய படியான வேகமான உடைந்த தாள இசையில் அது முன்வரிசை லேபிள். 1991ல் தி பிராடிஜியின் முதல் தட்டு, 1992ல் பிரிட்டன் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறிய எஸ்எல்2 குழுவின் ஜமைக்கா நெடி வீசும் பாட்டு, இரண்டும் அதன் வெளியீடுகள். பிற்பாடு அடெல் போன்ற பாடகிகளால் உலகப் புகழ் பெற்றாலும், அந்த லேபிளின் அஸ்திவாரம் தாளம்தான். 2023ல் அது வெளியிட்ட ஓவர்மோனோ சகோதரர்களின் ‘குட் லைஸ்’ ஆல்பத்திலும் அந்தப் பழைய உடைந்த தாளம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இந்த லேபிளுக்குத்தான் மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம் வந்தார். எம்.ஐ.ஏ. என்றால் உலகுக்குத் தெரியும். 1975ல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், சண்டைக்கு நடுவே வளர்ந்து, பதினோரு வயதளவில் அம்மாவோடு மறுபடி லண்டனுக்கு அகதியாகத் திரும்பியவர். இசை படித்தவரில்லை. ரோலண்ட் 505 என்ற ஒரு சின்னத் தாளப் பெட்டியை வைத்துக்கொண்டு தானே தட்டிப் பழகினார். முதல் பாட்டு 2003ல் 500 தட்டு மட்டும் அச்சானது. 2005ல் எக்ஸ்எல் வெளியிட்ட முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரை வைத்தார்: ‘அருளர்’. இரண்டாவதற்கு அம்மாவின் பெயர்: ‘கலா’.

‘கலா’ வந்தது 2007ல். அமெரிக்க விசா சிக்கலானதால் இந்த ஆல்பத்தை அவர் ஊர் ஊராகப் போய் உருவாக்கினார். அதில் ஓர் ஊர் சென்னை. ரகுமானின் ஸ்டூடியோவில் உறுமி, மேளக்காரர்களை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். முதல் பாட்டில் ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ பாட்டிலிருந்து இளையராஜா போட்ட தாளம் துண்டாக எடுக்கப்பட்டு ஓடுகிறது. இன்னொன்றில் ‘ஜெயம்’ படப் பாட்டு ஒன்றின் துண்டு. ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ என்ற இரண்டு பாட்டுகளில் உறுமி மேளம் முழு வேகத்தில் வந்து மோதுகிறது. லண்டன் கிளப்பில் ஆடியவர்களுக்கு அது என்ன வாத்தியம் என்று தெரியாது. உடம்புக்குத் தெரிந்திருந்தது.

அதே ஆல்பத்தின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ அமெரிக்கப் பட்டியலில் நாலாம் இடம் வரை ஏறியது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் ஒலித்தது. அந்தப் படத்துக்காக ரகுமானும் மாயாவும் சேர்ந்து செய்த பாட்டு ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலுக்குப் போனது. தமிழ்த் தாளம் உலக மேடைக்குப் போன கதை என்று இதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். கூடவே ஒரு கேள்வியையும் கேட்க வேண்டும். அந்த உறுமிக்காரர்கள் எந்த ஊர்? இப்போது எங்கே இருக்கிறார்கள்? மாயாவைத் தெரியும், ராஜாவைத் தெரியும், ரகுமானைத் தெரியும். குச்சியைத் தேய்த்த கையைத் தெரியாது.

ஒரே தோளில் டிரம்மும் பேஸும்

உறுமியை அருகில் நின்று பார்த்திருக்கிறவர்களுக்கு லண்டன்காரர்கள் ஏன் அதில் மயங்கினார்கள் என்று சொல்லத் தேவையில்லை. உடுக்கை போல இடை சிறுத்த மரக்கூடு. இரண்டு பக்கமும் தோல். வலப்பக்கத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள். இடப்பக்கத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் ‘உர்ர்ம்’ என்று அடிவயிற்றிலிருந்து கிளம்பும் உறுமல் பிறக்கிறது. அடி ஒரு பக்கம், வளைந்து இறங்கும் கீழ்சுருதி மறுபக்கம். டிரம்முக்கு ஓர் இயந்திரம், பேஸுக்கு ஓர் இயந்திரம் என்று லண்டன் ஸ்டூடியோக்கள் பிரித்துவைத்ததை ஒரே ஆள் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறார். இந்த இசைக்கு உலகத்தில் வேறெந்தத் தனி வாத்தியமும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துமா என்பது சந்தேகம்தான்.

உறுமி தெற்கிலும் கொங்குப் பக்கமும் அதிகம். பென்னலூரைச் சுற்றிய காஞ்சிபுரம் வட்டாரத்தில் அந்த இடம் பம்பைக்கு. ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரண்டு உருளைகளை இடுப்பில் மாட்டிக்கொண்டு, அடிப்பது தனித்தனியாகத் தெரியாத வேகத்தில் குச்சி போடுவார்கள். கூட உடுக்கை, கைச்சிலம்பு. ஆடி மாதம் பிறந்துவிட்டால் ஊருக்கு ஊர் மாரியம்மனுக்கும் அங்காளம்மனுக்கும் கூழ் வார்ப்பார்கள். பம்பைக்காரர் வர்ணிப்புப் பாடி சாமியை அழைக்கத் தொடங்கினால், முதலில் நிதானமாக, பிறகு படிப்படியாக ஏறி, ஓர் இடத்தில் சட்டென்று நிறுத்தி, மறுபடி முழு வேகத்தில் இறக்குவார். உடுக்கைக்காரர் நடுக்கயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் சுருதியை வளைப்பார். கூட்டத்தில் யாருக்கு அருள் வரப்போகிறது என்று பார்த்து வாசிப்பை அவர் பக்கம் திருப்புவார்கள். கூட்டத்தைப் பார்த்துத் தாளத்தை ஏற்றி, நிறுத்தி, இறக்கும் இந்த வித்தையைத்தான் டிஜே மேடையில் ‘பில்டப்’, ‘டிராப்’ என்கிறார்கள்.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு பெரிய தாளச் சொத்தும் உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெருங்கட்டூர் பெ.ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் சேர்ந்து வளர்த்த கட்டைக்கூத்துச் சங்கம், 1990 முதல் இயங்கிவருகிறது. இரவு முழுக்க நடக்கும் பாரதக் கூத்தில் நடிகன் மூச்சுவிடும் இடத்தைக்கூட மிருதங்கமும் டோலக்கும் தாங்கிப் பிடிக்கும். அங்கே குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கூத்துக் கட்டப் படித்தது சின்ன மாற்றமில்லை.

இந்தத் தாளங்களுக்குக் கூலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று கேட்டால் பேச்சு வேறு இடத்துக்குப் போகும். பறையும் உறுமியும் பம்பையும் வாசித்தவர்கள் பல ஊர்களில் கோயிலுக்கு வெளியேதான் நிறுத்தப்பட்டார்கள். பறை சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கி, வாசிக்கிறவரையும் ஒதுக்கிய வரலாறு நம்முடையது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையை மாட்டிக்கொண்டு மேடை ஏறியதற்குப் பின்னால் இருந்த துணிச்சல், எந்தக் கிளப் கலாச்சாரத்துக்கும் குறைந்ததில்லை. 2025ல் மதுரையின் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது பறைக்காரர்கள் கொண்டாடினார்கள் என்றால் காரணம் இதுதான். அரசுப் பட்டியலில் ஒரு பறைக்காரரின் பெயர் அச்சானது.

நம் லேபிள்கள்

லண்டன் லேபிள்களைக் குற்றம் சொல்லிவிட்டு நம் வீட்டைப் பார்க்காமல் இருக்க முடியாது. சினிமாவுக்கு வெளியே தமிழிலும் லேபிள்கள் முளைத்திருக்கின்றன. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை மேடை ஏற்றினார்கள். கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், பறை, சட்டி, கட்டமேளம், கிடார் எல்லாம் ஒரே வரிசையில். அந்தக் குழுவைப் பற்றி எழுதிய செய்திகளில் வாசிப்பவர்களின் பெயர்களும் வந்தன. இது சின்ன விஷயம் போலத் தோன்றலாம். தமிழ் இசைத்தொழிலில் அரிதான விஷயம். 2020 முதல் நீலம் நடத்திவரும் ‘மார்கழியில் மக்களிசை’யும் உறுமிக்காரரையும் ஒப்பாரிப் பாட்டியையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்தது.

பிறகு வந்தது மாஜா. கனடாத் தமிழர்கள் ரகுமானின் ஆதரவோடு 2021ல் தொடங்கிய தளம். அதன் முதல் வெளியீடு ‘எஞ்சாய் எஞ்சாமி’, மார்ச் 7 அன்று. தெருக்குரல் அறிவின் வரிகளும் குரலும், தீயின் குரல், சந்தோஷ் நாராயணனின் இசை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எழுதிய பாட்டு அது. கல்யாண மண்டபம் முதல் கல்லூரி ஆண்டுவிழா வரை ஒலித்தது. பிரான்ஸின் டிஜே ஸ்நேக் அதை ரீமிக்ஸ் செய்தார்.

அந்த வருடம் ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’வின் அட்டையில் தீயும், கனடாத் தமிழ் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள், அறிவு வரவில்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். அதன் பின்னர் அறிவுக்கு ஒரு மின்னிதழ் அட்டை வந்தது. 2022ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு அறிவு இல்லாமல் ஒலித்தது. 2024 மார்ச்சில், பாட்டு வந்து மூன்று வருடம் ஆனபோது, சந்தோஷ் நாராயணன் காணொளி போட்டுச் சொன்னார்: இந்தப் பாட்டிலிருந்து தனக்கோ தீக்கோ அறிவுக்கோ வருமானமாக ஒரு பைசா வரவில்லை என்று. ரகுமானும் இதில் பாதிக்கப்பட்டவர் என்றார். இது அவர் தரப்பு. யார் எவ்வளவு தர வேண்டும் என்பது அவர்களுக்குள் தீர வேண்டிய கணக்கு.

வெளியே நிற்கும் நமக்கு ஒன்று விளங்குகிறது. உலகம் அறிந்த பாடகர், உலகம் அறிந்த இசையமைப்பாளர், கோடிக்கணக்கானவர்கள் பார்த்த பாட்டு. அவர்களே மூன்று வருடம் காத்திருந்ததாகச் சொல்கிறார்கள் என்றால், பின்னால் உட்கார்ந்து தாளம் வாசித்தவருக்கு யாரிடம் போய்க் கேட்பது என்றுகூடத் தெரியாது.

ஸ்ரீபெரும்புதூர்ப் பட்டையில் வேலை செய்கிறவர்களுக்கு இது பாடம் நடத்தித் தெரிய வேண்டியதில்லை. 2006ல் இங்கே நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியபோது, ஊர் முழுக்கப் பாட்டுக் கேட்டது அந்த போன்களில்தான். மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றது. 2019ல் சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரிப்பு தொடங்கியது. 2024ல் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டித் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். அவர்கள் பூட்டும் போனில் அவர்கள் வேலை செய்யும் கம்பெனியின் பெயர்கூட இருக்காது. வேறொருவரின் சின்னம் இருக்கும். பாட்டில் வாசிக்கும் பம்பைக்காரரும் அப்படித்தான் இருக்கிறார். நாள் கூலி வாங்கிக்கொண்டு போகிறார், பொருள் வேறு பெயரில் விற்கிறது.

சட்டம் இருக்கிறது

இதற்கு வழியே இல்லை என்று கைவிரிக்க வேண்டாம். 2012 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டத் திருத்தம், பாட்டு எழுதுகிறவருக்கும் இசையமைப்பவருக்கும் ராயல்டியை விட்டுக்கொடுக்க முடியாத உரிமையாக்கியதோடு நிற்கவில்லை. பாடுகிறவர், வாசிக்கிறவர் ஆகியோருக்கும் அவர்கள் நிகழ்த்தியதை வணிகமாகப் பயன்படுத்தும்போது பங்கு உண்டு என்றது. மறு ஆண்டே பாடகர்கள் சங்கம் அமைத்து வசூலிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சங்கம் இப்போது வாத்தியக் கலைஞர்களுக்கும் கதவைத் திறந்திருக்கிறது. பிரிட்டனில் ஸ்டூடியோவில் கூலிக்கு வாசித்தவருக்கும் அந்தப் பாட்டு வானொலியில் ஒலிக்கும்போது ஒரு பங்கு போகும் ஏற்பாடு பல காலமாக இருக்கிறது.

ஆனால் பங்கு போக வேண்டுமென்றால் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். பதிவு நடந்த அன்றே, எந்தப் பாட்டில் யார் என்ன வாசித்தார் என்று ஒரு தாளில் குறித்து, கையெழுத்து வாங்கி, லேபிள் அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அரை மணி நேர வேலை. இது நடக்காத இடத்தில் எந்தச் சட்டமும் எட்டாது. கிராமத்திலிருந்து வந்து வாசித்துவிட்டு இரவு பஸ்ஸில் திரும்பும் கலைஞருக்கு இப்படியொரு உரிமை இருப்பதே தெரியாது. ஸ்டூடியோவுக்குக் கூட்டிவரும் ஏஜென்டுக்குத் தெரிந்தாலும் சொல்வதில் அவருக்கு லாபமில்லை.

அதனால், புது வெளியீடு வந்தவுடன் தாளம் எப்படி, கலவை எப்படி என்று எழுதும் விமர்சகர்கள் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டிய காலம் இது. வாசித்தவர் பெயர் போட்டிருக்கிறார்களா? சினிமாவில் பாட்டெழுதியவர்களின் பெயரும் பின்னணிப் பாடகர்களின் பெயரும் தட்டின் முகப்புக்கு வந்துவிட்டன. தாளம் போடுகிறவரின் முறை இன்னும் வரவில்லை.

கேட்கிற கூட்டம் பெருகிவரும் நேரமும் இதுதான். டிரம் அண்ட் பேஸ் பிரிட்டனில் மறுபடி இளைஞர்களின் இசையாகியிருக்கிறது. 2023 அக்டோபரில் கென்யா கிரேஸ் என்ற இளம்பெண் தானே எழுதிப் பாடிய டிரம் அண்ட் பேஸ் பாட்டு அங்கே முதலிடம் பிடித்தது. 2024ல் நியா ஆர்கைவ்ஸின் ஆல்பம், அவர் பிறப்பதற்கு முந்தைய ஜங்கிள் தாளங்களைப் புதுசாக்கித் தந்தது. டொராண்டோவில் யாஞ்சன் என்ற தமிழ் இளைஞர் மடியில் மிருதங்கத்தை வைத்துக்கொண்டு ஷான் வின்சென்ட் டி பாலின் ராப்புக்குச் சொல் கட்டி வாசித்ததைப் பார்த்து, மிருதங்கம் கற்கும் பிள்ளைகள் தாங்களும் முயல்கிறார்கள். யாஞ்சனுக்கு ஒரு வசதி: வாசிப்பவரும் அவரே, தயாரிப்பவரும் அவரே. பெயர் தொலைந்துபோக இடமில்லை.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர்ப் பக்கத்துப் பம்பைக் குழுக்களும் தங்கள் வழியில் இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கின்றன. ஆடித் திருவிழா வாசிப்பை யாராவது செல்போனில் பிடித்து யூடியூபில் போட்டால் அது எங்கெங்கோ போகிறது. அதன் தாளத்தை வெட்டி டிஜேக்கள் கல்யாண மேடையில் கலக்கிறார்கள். அதனால் பல குழுக்கள் தாங்களே சேனல் வைத்து, குழுவின் பெயரையும் ஊரையும் காணொளியின் தலைப்பிலேயே போடுகின்றன. சிலர் வாத்தியத்தின் மேலேயே பெயரும் செல் நம்பரும் பெயின்டில் எழுதிவிடுகிறார்கள். எந்தப் பக்கத்திலிருந்து படம் பிடித்தாலும் தெரியும்படி, பெரிய எழுத்தில்.